ஜெர்மன் பாட்காஸ்ட் கேட்டும் காதில் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஜெர்மனிக்கு வேலைக்கு வரத் தயாராகும் செவிலியர்கள், இங்கே இருக்கும் கணவரோடு சேர்வதற்காக ஏ1 என்னும் தொடக்கநிலை ஜெர்மன் தேர்வு எழுதும் பெண்கள், ஐ.டி. வேலையில் நாலு வருடத்தை ஆங்கிலத்திலேயே ஓட்டிவிட்டு இப்போது பிள்ளையின் பள்ளிக் கூட்டத்தில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள். இவர்களில் யாராவது ஒருவர் வாரம் தவறாமல் என்னைக் கூப்பிடுகிறார். "தினமும் ஒரு மணி நேரம் பாட்காஸ்ட் கேட்கிறேன், ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்பதுதான் எல்லோருடைய குறையும்.

குறை ஒன்று போலத் தெரிந்தாலும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குப் பலித்த வைத்தியத்தை இன்னொருவருக்குச் சொல்லி, அவர் மூன்று மாதம் வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முதலில் சோதனை, பிறகுதான் ஆலோசனை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்தால் போதும்.

ஜெர்மன் சொற்களைக் காதில் விழுவதற்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுத வேண்டாம். காரணம் அறிகுறி 2-இல் இருக்கிறது.

## முதலில் ஒரு நிமிடச் சோதனை

வழக்கமாகக் கேட்கும் பாட்காஸ்டில் ஒரு எபிசோடை எடுத்து, நடுவிலிருந்து ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கம் வேண்டாம், வணக்கமும் முன்னுரையும் ஏற்கெனவே மனப்பாடமாகியிருக்கும். எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டு, புரிந்ததைத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். பிறகு அதே நிமிடத்தின் எழுத்து வடிவத்தைப் படியுங்கள்.

- படித்தும் புரியவில்லை என்றால் அறிகுறி 1.
- படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை என்றால் அறிகுறி 2.
- வாக்கியத்தின் முன்பாதி பிடிபடுகிறது, முடிவில் அர்த்தம் நழுவுகிறது என்றால் அறிகுறி 3.
- எண் வரும் இடத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால் அறிகுறி 4.
- எல்லாம் புரிகிறது, ஆனால் நேரில் ஆள் பேசினால் புரியவில்லை என்றால் அறிகுறி 5. பேச வரவில்லை என்றால் 6. தேர்வில் மட்டும் மதிப்பெண் வரவில்லை என்றால் 7.

எழுத்து வடிவமே இல்லாத பாட்காஸ்டைக் கேட்டுக்கொண்டிருந்தால், பி1 நிலையை (படிகள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறும்) முடிக்கும்வரை அதை ஓரமாக வையுங்கள். எங்கே தவறவிட்டோம் என்று சரிபார்க்க வழி இல்லாததை வைத்துக் காதைப் பழக்க முடியாது.

## அறிகுறி 1: ஒன்றுமே புரியவில்லை, படித்தாலும் புரியவில்லை

காரணம் அ: நிலைக்கு மீறிய பாட்காஸ்ட். பத்தில் ஏழு பேருக்கு இதுதான். குறிப்பாக ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெ வெளியிடும் "லாங்ஸாம் கெஷ்ப்ரோஹெனெ நாஹ்ரிஹ்டன்", அதாவது மெதுவாக வாசிக்கப்படும் செய்திகள், எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுகிறது. மெதுவாக என்றவுடன் தொடக்கநிலைக்கானது என்று நினைத்துவிடுகிறார்கள். அது பி2, சி1 நிலைக்கானது. வாசிப்பு மட்டும்தான் மெதுவு. வாக்கியங்கள் நாளேட்டுச் செய்தியின் வாக்கியங்கள், சொற்கள் நாடாளுமன்றத்தின் சொற்கள். ஏ2-வில் இருப்பவர் இதை ஒரு வருடம் கேட்டாலும் நாட்டுப் பெயர்களும் தலைவர்கள் பெயர்களும் மட்டுமே காதில் தங்கும்.

சோதனை: எழுத்து வடிவத்தில் முதல் நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றின் அடியில் கோடு போடுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஐந்துக்குள் இருந்தால் சரியான நிலை. பத்தைத் தாண்டினால் அந்த பாட்காஸ்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மாற்று எது என்றால்:

ஏ1, ஏ2-வுக்கு டாய்ச்ச வெல்லெயின் "நீகோஸ் வேக்" இருக்கிறது. காணொளித் தொடர்தான், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுநாள் ஒலியை மட்டும் கேட்டால் நல்ல பாட்காஸ்டாகவே ஆகிவிடும். கேட்பதற்கென்றே செய்த பழைய தொடர்கள் இரண்டு: "ராடியோ டே", "டாய்ச் வாரும் நிஹ்ட்". இரண்டாவது நான்கு பாகம், பாகத்துக்கு 26 பாடம். ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டே இதழியல் படிக்கும் ஒரு மாணவனின் கதை. ஒலிப்பதிவு பழையதாக ஒலிக்கும். ஆனால் ஒரே சொல்லை ஐந்தாறு சூழலில் திரும்பக் கொண்டுவரும் பொறுமை புதிய பாட்காஸ்டுகளில் நான் பார்க்காதது.

பி1-க்கு டாய்ச்ச வெல்லெயின் "டோப்-டேமா". சின்னக் கட்டுரை, ஒலி, கடினச் சொற்களுக்கு எளிய ஜெர்மனிலேயே விளக்கம். ம்யூனிக்கிலிருந்து அன்னிக் ரூபன்ஸ் 2007 முதல் நடத்தும் "ஸ்லோ ஜெர்மன்" இன்னொன்று. ஜெர்மானியரின் அன்றாடம் பற்றிய பேச்சு, எழுத்து வடிவம் இணையதளத்தில் கிடைக்கிறது. செய்திதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு டாய்ச்லான்ட்ஃபுங்க் வானொலியின் "நாஹ்ரிஹ்டன்லைஹ்ட்" பொருந்தும்: வாரத்தின் செய்திகள், குட்டி வாக்கியங்களில்.

காரணம் ஆ: நீண்ட கூட்டுச் சொல்லைக் கண்டு மிரள்வது. நிலை சரிதான், ஆனால் ஒரு நீளச் சொல் வந்ததும் காது அங்கேயே நின்றுவிடுகிறது. "க்ராங்கன்ஃபெர்ஸிஹெருங்ஸ்கார்டெ" என்று ஒரே மூச்சில் வரும். க்ராங்கன் நோயாளர், ஃபெர்ஸிஹெருங் காப்பீடு, கார்டெ அட்டை. மருத்துவக் காப்பீட்டு அட்டை, அவ்வளவுதான். தமிழைப் போலவே கடைசித் துண்டில்தான் பொருள் நிற்கும். எனவே கடைசித் துண்டை மட்டும் பிடியுங்கள். "ஏதோ ஒரு அட்டை" என்று புரிந்தால் வாக்கியம் உங்களை விட்டு ஓடாது.

எப்போது ஆசிரியரிடம் போவது: ஏ1 தொடரிலேயே நூறு சொல்லில் இருபது தெரியவில்லை என்றால் பாட்காஸ்டை நிறுத்திவிட்டு வகுப்பில் சேருங்கள். சொல் இல்லாத இடத்தில் காதுப் பயிற்சி பலிக்காது.

## அறிகுறி 2: படித்தால் புரிகிறது, கேட்டால் ஓடிவிடுகிறது

இந்தக் கோளாற்றில்தான் நான் அதிக காலம் கிடந்தேன். ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம், கையில் பி1 சான்றிதழ். ரொட்டிக் கடையில் நாலு பன் கேட்டேன். கடைக்காரப் பெண் பையில் போட்டுக்கொண்டே "டாஃப்ஸொன்ஸ்நொஹ்வஸைன்?" என்றார். எனக்கு அது ஒற்றைச் சொல்லாகத்தான் கேட்டது. மறுபடி கேட்டேன், அதையே சொன்னார். மூன்றாவது முறை அவர் கையால் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் காட்டியபோதுதான் புரிந்தது: "வேற ஏதாவது வேணுமா?" வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். டார்ஃப், எஸ், ஸொன்ஸ்ட், நொஹ், வஸ், ஸைன். ஆறு சொல். ஆறும் எனக்குத் தெரிந்தவை. அன்றைக்குத்தான் என் கோளாறு சொல்வளத்தில் இல்லை, காதில் இருக்கிறது என்று தெரிந்தது.

காரணம் அ: கருவி. போன் ஒலிபெருக்கியில், சமையலறை விசிறிச் சத்தத்தில் கேட்கிறீர்களா? முதலில் இயர்போன் மாட்டி, அமைதியான அறையில் அதே ஒரு நிமிடத்தை மறுபடி சோதியுங்கள். தேறினால் வேலை முடிந்தது.

காரணம் ஆ: எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. நாம் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதுகிறோம், "வந்துட்டிருக்கேன்" என்று பேசுகிறோம். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் முதல் வடிவத்தை மட்டும் படித்துவிட்டு வந்தால் நம் தெருவில் அவருக்கு ஒன்றும் புரியாது. ஜெர்மனில் நாம் அந்த இடத்தில் நிற்கிறோம். அடிக்கடி உருமாறுபவை இவை:

- "ஹாபன் வியா" பேச்சில் "ஹம்வா" ஆகும்.
- "ஹஸ்ட் டூ" என்பது "ஹஸ்டெ".
- "மிட் டேம்" என்பது "மிம்".
- "இஸ்ட்" என்பது "இஸ்". "நிஹ்ட்" என்பது "நிஹ்".
- "ஐன்" வெறும் "ன்" ஆகி முந்தைய சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். "ஸோ ஐன்" என்பது "ஸோன்".

இதற்கு வேகத்தைக் குறைப்பது மருந்தல்ல. 0.5 வேகத்தில் வைத்தாலும் "ஹம்வா" இழுத்துச் சொன்ன "ஹம்வா"வாகத்தான் வரும். "ஹாபன் வியா" ஆகாது. 0.8-க்குக் கீழே போகாதீர்கள். அதைவிட நிறுத்தி நிறுத்திக் கேட்பது மேல்.

காரணம் இ: சொல்லின் வால். ஜெர்மன் சொல் "-எர்" என்று எழுத்தில் முடிந்தால் வாயில் "ஆ"வுக்குப் பக்கத்தில் முடியும். "லேரெ" என்றால் தொழிற்பயிற்சி, "லேரா" என்றால் ஆசிரியர். "பிட்டெ" தயவுசெய்து, "பிட்டா" கசப்பு. எழுத்தில் ர் இருப்பதால் நம் காது ஒரு ர்-க்காகக் காத்திருக்கிறது. அது வருவதே இல்லை.

குறில் நெடிலில் மட்டும் நமக்குப் பெரிய வசதி. "ஷ்டட்" நகரம், "ஷ்டாட்" அரசு. "ஒஃபன்" திறந்திருக்கிறது, "ஓஃபன்" அடுப்பு. "மிட்டெ" நடு, "மீட்டெ" வாடகை. பட்டு, பாட்டு என்று பிரித்து வளர்ந்த காதுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆங்கில வழியில் ஜெர்மன் கற்பவர்கள் இந்த வசதியை மறந்துவிடுகிறார்கள். தமிழ்க் காதோடு கேளுங்கள்.

காரணம் ஈ: புள்ளி வைத்த உயிரெழுத்துகள். ஓ-வின் மேல் இரண்டு புள்ளி இருந்தால்: உதட்டை "ஓ" போலக் குவித்து வைத்துக்கொண்டு, அசைக்காமல் "ஏ" சொல்லுங்கள். ஊ-வின் மேல் இருந்தால்: உதடு "ஊ"வில், நாக்கு "ஈ"யில். கண்ணாடி முன் நின்று பத்துப் பத்து முறை. இது அழகுக்காக அல்ல. "கொன்டெ" என்றால் முடிந்தது. அதிலேயே புள்ளி வைத்த ஓ வந்தால் முடியக்கூடும். மருத்துவர் "நோயாளியால் எழுந்து நடக்க முடிந்தது" என்றாரா, "நடக்க முடியக்கூடும்" என்றாரா என்பது அந்த ஒரு உயிரெழுத்தில் தொங்குகிறது. சொல்லத் தெரியாத ஒலி காதிலும் விழாது என்பது என் அனுபவம்.

காரணம் உ: தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது. ரொட்டி சுடுவதும் மூட்டை கட்டுவதும் நம் எழுத்தில் "பக்கன்"தான். தோட்டமும் டிக்கெட்டுகளும் "கார்டன்"தான். ஜெர்மனில் முதலெழுத்து வேறு, பொருள் வேறு. நம் எழுத்து காட்டாத வேறுபாட்டை நம் நோட்டும் காட்டாது. ஆறு மாதம் கழித்துக் காதும் அதைத் தேடுவதை நிறுத்திவிடும். நோட்டில் எப்போதும் ஜெர்மன் எழுத்து.

சரிசெய்யும் முறை. முப்பது விநாடி மட்டும் எடுங்கள். இரண்டுமுறை முழுதாகக் கேளுங்கள். பிறகு நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, காதில் விழுந்ததை ஜெர்மன் எழுத்தில் எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு தவறின் மேலும் ஒரு குறி போடுங்கள்: சொல் தெரியாதது "சொ", தெரிந்த சொல் ஒட்டிக்கொண்டது "ஒ", ஒலி மாறிக் கேட்டது "ஒலி". பிறகு பேசியவர் சொன்ன அதே இழுப்போடு, அதே விழுங்கலோடு வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஒருமுறை கேளுங்கள். மொத்தம் பத்து நிமிடம்.

ஒரு வாரம் செய்து குறிகளைக் கூட்டுங்கள். "சொ" அதிகம் என்றால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். "ஒ" அதிகம் என்றால் இதையே தொடருங்கள். ஐந்தாறு வாரத்தில் மாற்றம் தெரியும். "ஒலி" அதிகம், கண்ணாடிப் பயிற்சிக்குப் பிறகும் குறையவில்லை என்றால் உச்சரிப்பு சொல்லித்தரும் ஆசிரியரிடம் இரண்டு மூன்று வகுப்பு எடுங்கள்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். "மால்", "யா", "டொஹ்", "ஹல்ட்" போன்ற குட்டிச் சொற்களை அகராதியில் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். "கொம் மால் ஹேர்" என்றால் "கொஞ்சம் இங்க வா". அந்தக் "கொஞ்சம்" என்ன செய்கிறதோ அதைத்தான் "மால்" செய்கிறது. "யா" பல இடங்களில் நம் "தானே". தமிழரைத் தவிர வேறு யாருக்கும் இதை இவ்வளவு சுருக்கமாக விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

## அறிகுறி 3: முன்பாதி புரிகிறது, முடிவில் அர்த்தம் நழுவுகிறது

காரணம் அ: பிரிந்து போகும் வினை. ஒரு நவம்பர் இரவு, நடைமேடையில் அறிவிப்பு வந்தது. ரயில் எண், ஊர்ப் பெயர், "ஃபெல்ட் ஹாய்டெ" வரை கேட்டேன். ஃபெல்ட் என்றால் விழுகிறது. ஏதோ தாமதம் போல என்று நினைத்து, அருகில் நின்றவரிடம் கேட்கவும் கூச்சப்பட்டு, நாற்பது நிமிடம் குளிரில் நின்றேன். வாக்கியத்தின் கடைசியில் ஒரு குட்டிச் சொல் வந்திருக்கிறது: "அவுஸ்". ஃபெல்ட்டும் அவுஸும் சேர்ந்தால் ரத்து. அந்த ரயில் வரவே போவதில்லை.

"ரூஃபெ" என்றால் கூப்பிடுகிறேன்; ஏழெட்டுச் சொல் கழித்து "அன்" வந்தால் போன் செய்கிறேன். அதுபோலவே, கேட்பதைக் குறிக்கும் வினை "ட்ஸூ"வில் முடிந்தால் காது கொடுத்துக் கேள், "அவுஃப்"பில் முடிந்தால் நிறுத்து.

சோதனை: எழுத்து வடிவத்தில் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முந்தைய சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். அன், அவுஸ், அவுஃப், ஐன், மிட், ட்ஸூ, ஃபோர் நிறைய வந்தால், கேட்கும்போது வாக்கியம் முடியும்வரை வினைக்குப் பொருள் முடிவு செய்யாமல் பழகுங்கள்.

காரணம் ஆ: தலைக்குள் ஆங்கிலம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமானது. நம்மில் பலர் ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கிறோம். கேட்கும்போதும் ஆங்கிலமாக மாற்றிக்கொண்டே போகிறோம். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். ஜெர்மனின் துணை வாக்கியத்தில் அது கடைசியில். எனவே மூளை நடுவழியில் வினையைத் தேடித் தவிக்கிறது.

"அவரால் இன்றைக்கு வர முடியாது என்று சொன்னார்" என்பதை எடுங்கள். ஜெர்மனில் அந்தத் துண்டு "...ஹாய்டெ நிஹ்ட் கொமன் கன்" என்று முடியும். கொமன் என்றால் வர, கன் என்றால் முடியும். "வர முடியும்", நம் வரிசையேதான். ஆங்கிலம் இதைத் தலைகீழாகப் போடும். வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது தமிழருக்குப் புதிதே இல்லை, பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்கிறோம்.

சரிசெய்யும் முறை: துணை வாக்கியத்தைத் தொடங்கிவைக்கும் "வைல்", "டஸ்", "வென்", "ஓப்" என்று ஏதாவது காதில் விழுந்ததும் தமிழுக்குத் தாவுங்கள். எபிசோடை நிறுத்தி, அந்த ஒரு வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளுக்குப் பத்து வாக்கியம். ஒரு மாதத்தில் நிறுத்தாமலே நடக்கத் தொடங்கும். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் பாட்காஸ்டுகளை ஏ2 தாண்டியதும் விட்டுவிடச் சொல்வதும் இதனால்தான்.

இதற்கு வெளியாள் உதவி தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 4: எண் வந்தாலே தடுமாற்றம்

63 என்பதை "டிரை உண்ட் ஸெஹ்ட்ஸிஹ்", மூன்றும் அறுபதும் என்பார்கள். எழுதும்போது ஒரு கட்டம் விட்டு ஒன்றின் இடத்தை முதலில் எழுதி, பிறகு பத்தின் இடத்தை நிரப்புங்கள். 14-க்கும் 40-க்கும் வால் மட்டுமே வித்தியாசம்: "ட்ஸேன்", "ட்ஸிஹ்". தொலைபேசியில் 2-ஐ "ட்ஸ்வோ" என்பார்கள், 3-உடன் குழம்பாமல் இருக்க.

"ஹல்ப் அஹ்ட்" எட்டரை இல்லை, ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற கணக்கு. மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை இதில் தவறவிட்டவர்கள் ஏராளம். கிழக்கிலும் தெற்கிலும் "ஃபியர்டல் அஹ்ட்" என்றால் ஏழேகால்.

செய்தியில் "மிலியார்டெ" என்றால் நூறு கோடி. "பிலியோன்" ஆங்கில பில்லியன் அல்ல, ஒரு லட்சம் கோடி. பயிற்சிக்கு வானிலை அறிவிப்பும் கால்பந்து முடிவுகளும் போதும். எண்ணை மட்டும் எழுதுங்கள், மற்றதை விடுங்கள்.

## அறிகுறி 5: பாட்காஸ்ட் புரிகிறது, ஆள் பேசினால் புரியவில்லை

காரணம் அ: ஒரே குரலுக்குப் பழகியது. ஒரு தொகுப்பாளரை ஒரு வருடம் கேட்டால் அவருடைய ஜெர்மன் மட்டும் வரும். மாதம் ஒரு குரலாவது மாற்றுங்கள். எழுதி வாசிக்காமல் பேசும் பாட்காஸ்டுக்கு மாறுவது அடுத்த படி. பெர்லினிலிருந்து வரும் "ஈஸி ஜெர்மன்" நல்ல பாலம். அதன் எழுத்து வடிவம் சந்தா கட்டுபவர்களுக்கு. இந்த இடத்தில் காசு செலவழிப்பது தகும் என்றே சொல்வேன்.

காரணம் ஆ: வட்டார வழக்கு. "இஹ்" (நான்) பெர்லினில் "இக்", பவேரியாவிலும் ஸ்வாபியாவிலும் "இ". "நிஹ்ட்" (இல்லை) தெற்கில் "நெட்". முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேரும் செவிலியர்கள் இதில்தான் மனம் உடைகிறார்கள், பி2 வாங்கியும் பாட்டி பேசுவது புரியவில்லையே என்று. தவறு உங்களுடையதல்ல. எந்த மாநிலத்துக்குப் போகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வட்டாரப் பொது வானொலியைத் தினம் பத்து நிமிடம் கேளுங்கள், குறிப்பாக நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சிகளை. சேர்ந்த பிறகு, உடன் வேலை செய்பவரிடம் அந்த வார்டில் அடிக்கடி புழங்கும் இருபது சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்து போகிறவர்களுக்கு: அங்கே வீட்டிலும் கடையிலும் பேசுவதைத் தனியாகவே கற்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி 6: கேட்பதெல்லாம் புரிகிறது, வாய் திறந்தால் வரவில்லை

பாட்காஸ்ட் மட்டும் கேட்டுப் பேச்சு வராது. எளிதான முதல் படி, பேசுபவருக்கு அரை நொடி பின்னாலேயே நீங்களும் சொல்லிக்கொண்டு போவது. தெருவில் நடக்கும்போது செய்யலாம். இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, எபிசோடு முடிந்ததும் போனில் ஒரு நிமிடம் அதைத் திருப்பிச் சொல்லிப் பதிவு செய்து, மறுநாள் கேட்பது. இரண்டும் மூன்று வாரம் செய்தபின்னும் ஒரு நிமிடம் நிரம்பவில்லை என்றால் பேச்சுத் துணை தேடுங்கள். கட்டண ஆசிரியருக்கு முன்னால், உங்கள் ஊர் நூலகத்திலோ பொதுக் கல்வி மையத்திலோ நடக்கும் பேச்சு வட்டத்தை விசாரியுங்கள். ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் "ஷ்ப்ராஹ்கஃபே" இலவசம்.

## அறிகுறி 7: தேர்வில் கேட்டல் மதிப்பெண் மட்டும் குறைகிறது

ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கொய்தெ நிறுவனத்தின் பி1 தேர்வில் கேட்டல் சுமார் 40 நிமிடம், நான்கு பகுதி. முதல் பகுதியும் நான்காவதும் இரண்டுமுறை ஒலிக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒருமுறைதான். வீட்டில் பதினைந்து நொடி பின்னால் போகும் பொத்தானை அழுத்தியே பழகிய விரல் அங்கே வேலை செய்யாது.

தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பொத்தானைத் தொடாமல் கேளுங்கள். கேட்பதற்கு முன், எபிசோடின் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து மூன்று கேள்விகளை நீங்களே எழுதி வையுங்கள். விடை தவறினால் தவறியதுதான். ஒரு கேள்வி போனால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த இரண்டை இழப்பதுதான் உண்மையான நஷ்டம். மாதிரித் தேர்வுகள் கொய்தெ நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூற்றுக்கு 60 தேர்ச்சி. இரண்டு மாதிரித் தேர்வில் 50-ஐத் தாண்டவில்லை என்றால் தேதியைத் தள்ளிவைத்து, தேர்வுப் பயிற்சி வகுப்பில் சேருங்கள். பி1-இல் நான்கு பிரிவுகளும் தனித்தனி என்பதால், தோற்றாலும் கேட்டலை மட்டும் மறுபடி எழுதலாம்.

## ஆசிரியரிடம் போகும்போதும், மருத்துவரிடம் போகும்போதும்

ஆசிரியரிடம் "கேட்டல் வரவில்லை" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் அவர் பாடப்புத்தகத்தைத் திறப்பார். அறிகுறி 2-இல் சொன்ன நோட்டை ஒரு வாரக் குறிகளோடு கொண்டுபோங்கள். "இந்த மூன்று ஒலிகள், இந்த ஐந்து ஒட்டுகள், இதை மட்டும் சரிசெய்து கொடுங்கள்" என்று கேளுங்கள்.

சிலருக்குக் கோளாறு மொழியில் இருப்பதில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் எல்லாப் பயிற்சியும் ஒழுங்காகச் செய்தார். ஸ், ஃப், ஹ் மட்டும் எழுத்தில் விடுபட்டுக்கொண்டே இருந்தன. வீட்டில் தமிழ் டிவியின் சத்தத்தையும் கூட்டி வைக்கிறாரா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். ஆமாம் என்றார். வயதாகி, காது கேட்கும் திறன் குறையும்போது இந்த உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். தாய்மொழியில் மூளை இட்டு நிரப்பிவிடும், புதுமொழியில் நிரப்பத் தெரியாது. உங்கள் நோட்டிலும் இதே ஒலிகள் விடுபட்டு, தமிழிலும் "என்ன சொன்னே?" என்று அடிக்கடி கேட்கத் தொடங்கியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஜெர்மனியில் "ஹா-என்-ஓ" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

அங்கே போனதும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஜெர்மன் உங்கள் தாய்மொழி அல்ல. இங்கே வழக்கமாகச் செய்யும் பேச்சுப் பரிசோதனையில் இரட்டை இலக்க எண்களையும் ஓரசைச் சொற்களையும் ஜெர்மனில் ஒலிக்கவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். மொழி தெரியாமல் தவறவிட்டதும் காது கேளாமல் தவறவிட்டதும் அந்தத் தாளில் ஒன்றாகத்தான் பதியும். வெறும் ஒலியை வைத்துச் செய்யும் பரிசோதனையின் முடிவைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.